சித்திரக் குறிப்பேட்டில் ஒரு தெய்வம்

ஓவியக் கலையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அஜந்தாவையும் சிகிரியாவையும் சித்தன்னவாசலையும் தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றுச் சுவரையும் சொல்லித் தொடங்குவர். அது முறையே. ஆயினும் சுவரளவு விரிந்த எந்த ஓவியத்துக்கும் முன்னதாக, ஒரு கையும் ஒரு கரிமுனையும் ஒரு சிறு பரப்பும் கூடிய கணம் ஒன்று இருந்திருத்தல் வேண்டும். அக்கணம் பெரும்பாலும் அழிந்துபோகின்றது. அழியாது எஞ்சினால், அஃது எஞ்சுமிடம் ஓவியனுடைய குறிப்பேடு. விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபொழுது, பெரிய ஓவியம் எதனையும் நாடாது அத்தகைய குறிப்பேட்டுப் பக்கம் ஒன்றையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டேன். நாலங்குல அகலமும் ஆறங்குல நீளமும் உடைய தாள் அது. மஸ்கெலியாவை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றில், 1991ஆம் ஆண்டு மாசி மாதத்தில், பென்சிலால் வரையப்பட்டது. வரைந்தவன் நானே. ஆதலால் அதன் குறைகளை எவருக்கும் அஞ்சாது சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

முதலில் பக்கத்தைக் காண்போம். நடுவிற்குச் சற்றுக் கீழே ஒரு கல். முழங்கால் உயரம் இருக்கும். முகமில்லை, கையில்லை, ஆயுதமில்லை. உச்சியில் மஞ்சள் பூசிய இடம் தாளின் வெண்மையாகவே விடப்பட்டிருக்கின்றது. அதன் நடுவே குங்குமம் இட்ட இடம் ஒன்றுதான் பக்கம் முழுவதிலும் மிகக் கரிய புள்ளி. கல்லின் இடையிற் சிறு துணி ஒன்று சுற்றியிருக்கின்றது. காண்போருக்கு வலப்புறத்தில் நிலத்தில் நட்ட இரும்புச் சூலம். பின்னே முதிய வாகை மரமொன்றின் வேர்ப்பகுதி. கல்லின் நிழல் காண்போருக்கு இடப்புறமாக நீண்டு விழுந்திருக்கின்றது. கீழ் ஓரத்திற் சிறிய எழுத்திற் சில சொற்கள்: மாசி, காலை 7.10, மஞ்சள் உலர்ந்தது, துணி சிவப்பு, வெளிறியது. இவ்வளவே சித்திரம்.

இக்கல்லைத் தோட்டத்து மக்கள் கவ்வாத்துச்சாமி என்றே வழங்கினர். தேயிலைச் செடியின் மேற்கிளைகளைக் குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டி ஒதுக்கும் வேலைக்குத் தோட்டங்களிற் கவ்வாத்து என்று பெயர். அவ்வேலை தொடங்கும் நாளிற் கத்திகளைத் தெய்வத்தின் முன்னே வைத்து, தேங்காய் உடைத்து, கைகால்களுக்கு ஊறு நேராதிருக்க வேண்டிக்கொள்வர். தேயிலைத் தொழிற்சாலையிற் சுழலும் பெருஞ்சக்கரத்தை ரோதை என்பது மலையக வழக்கு. அதற்குக் காவலாக ரோதைமுனி என்னும் தெய்வமும் உண்டு. இத்தெய்வங்களின் பெயர்களை ஆகமங்களிலே தேடிப் பயனில்லை. கோப்பிப் பயிர் 1869ஆம் ஆண்டு தொடங்கிய இலைநோயால் அழிந்து, ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்திற் பயிரிட்டுக் காட்டிய தேயிலை மலைகளை மூடிய காலத்தில், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த மக்கள் தம் ஊர் மாரியம்மனையும் முனியாண்டியையும் உடன் கொணர்ந்தனர். கொணர முடியாத இடத்திற் புதிய வேலைக்கேற்ற புதிய காவலரைத் தாமே நாட்டிக்கொண்டனர். ஒரு தொழிலின் பெயரால் ஒரு தெய்வத்தை அழைத்தல் இழிவென்று கருதுவார் சிலர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. வேலையும் பயமும் இருந்த இடத்திலேதான் அக்கல்லும் நின்றது.

இத்தகைய கல் ஒன்றை வரைவது எளிதென்று நினைத்தே அன்று அமர்ந்தேன். அது பிழையான எண்ணம் என்பது அரை மணி நேரத்துள் விளங்கிற்று.

திருவுருவங்களை வரைவதற்கு நம்மவரிடம் நுட்பமான அளவுமுறை உண்டு. முகத்தின் நீளமாகிய ஒரு தாலத்தைப் பன்னிரண்டு அங்குலமாகப் பகுத்து, அவ்வளவைக் கொண்டே உடல் முழுவதையும் அளப்பது தாலமானம். இங்கே அங்குலம் என்பது அடிக்கோலின் அங்குலம் அன்று. அவ்வவ் வடிவத்திலிருந்தே பெறப்படும் அளவு. சிவன், திருமால் முதலிய பெருந்தெய்வங்களுக்கு 124 அங்குலங்கொண்ட உத்தம தசதாலம். விநாயகருக்கும் குழந்தை வடிவங்களுக்கும் ஐந்து தாலம். வடிவின் நடுவே உச்சி முதல் பாதம் வரை தொங்கவிட்ட நூல் பிரமசூத்திரம். அந்நூலிலிருந்து உடல் எவ்வளவு விலகுகின்றது என்பதைக் கொண்டு சமபங்கம், ஆபங்கம், திரிபங்கம், அதிபங்கம் என நிலைகளைப் பெயரிடுவர். இவற்றை அபனீந்திரநாத் தாகூர் 1914ஆம் ஆண்டளவிற் சிறு நூலொன்றில் மாணவர்க்கு விளங்கும்படி படங்களோடு எடுத்துரைத்தார். இவ்விதிகளை அறிந்த மாணவன் ஒருவன் நடராசர் திருமேனியின் முன் அமர்ந்தால், எங்கே தொடங்குவது என்ற கவலை அவனுக்கு இல்லை. நூல் ஒன்றைத் தொங்கவிடுவான். மற்றவை தொடர்ந்து வரும்.

கவ்வாத்துச்சாமிக்குத் தாலம் இல்லை. நூலைத் தொங்கவிட்டால் அது கல்லின் ஓரத்தில் வளைந்து விழும். அளவும் முத்திரையும் வாகனமும் இல்லாத அவ்வுருவில், இது தெய்வம், அருகிற் கிடக்கும் மற்றைய கல் தெய்வமன்று என்பதை எதனால் அறிவது? மஞ்சள், குங்குமம், துணி, சூலம், எண்ணெய்ப் பிசுக்கு, கற்பூரக் கரி, மிதிபட்டுத் தேய்ந்த முன்னிலம் ஆகியவற்றாலேயே அறியலாம். அதாவது, மக்களுடைய கை பட்ட இடங்களாலேயே அறியலாம். ஆகவே இங்கே ஓவியன் வரைய வேண்டியது கல்லையன்று. கல்லின்மேற் படிந்த வழிபாட்டை. இதனை உணர்ந்தபின் முதலில் வரைந்த இரண்டு பக்கங்களையும் விட்டு மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன். மேலே சொன்ன சித்திரம் அந்த மூன்றாவது.

உருவமில்லாத இடத்தில் உருவத்தை எவ்வாறு காண்பது என்ற இவ்வினா மலையகத்துக் கல்லுக்கு மாத்திரம் உரியதன்று. நமது நாட்டின் மிகப் பெரிய தலங்கள் இரண்டிலும் அதுவே நிகழ்கின்றது. கதிர்காமத்திலே அடியார் காண்பது முருகனுடைய சிலையை அன்று. திரையில் எழுதிய படத்தையே. வீதியுலாவில் யானைமேற் செல்வதும் திருவுருவமன்று, யந்திரம் வைத்த பேழை. 2243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாத மலையின் உச்சியிலோ உள்ளது ஒரு சுவடு மாத்திரமே. மார்கழி முதல் வைகாசிப் பூரணை வரை நல்லதண்ணி வழியாக மஸ்கெலியாவைக் கடந்து ஏறும் மக்களுட் சைவர் அதனைச் சிவபாதம் என்பர். பௌத்தர் புத்தருடைய பாதம் என்பர். இஸ்லாமியர் ஆதமுடையது என்பர். கிறிஸ்தவருட் சிலர் தோமையருடையது என்பர். 1344ஆம் ஆண்டில் அங்கே ஏறிய இபுனு பத்தூத்தா அச்சுவட்டின் நீளத்தைப் பதினொரு சாண் என்று குறித்துச் சென்றார். பக்தியோடு ஏறியவர் கையில் ஓர் அளவும் இருந்தது என்பதை ஓவிய மாணவர் கவனித்தல் நன்று. ஒரு வெற்றிடத்தின் விளிம்பை வரைந்தே அதனைக் காட்ட முடியும் என்பதற்கு அச்சுவட்டினும் சிறந்த பயிற்சி கிடைப்பதரிது.

இனி, திருவுருவங்களைக் குறிப்பேட்டில் வரைவதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட ஒருவரைப் பற்றிச் சொல்லல் வேண்டும். அவர் சில்பி. இயற்பெயர் ஸ்ரீநிவாசன். 1919இல் நாமக்கல்லிற் பிறந்தவர். தாமே ஓர் ஓவியராகவும் விளங்கிய கவிஞர் இராமலிங்கம் பிள்ளையினுடைய ஊர் அது. சென்னை ஓவியப் பள்ளியிலே தேவிபிரசாத் ராய் சௌதுரி தலைமை வகித்த காலத்திற் பயின்று, 1940களில் ஆனந்த விகடனிற் சேர்ந்தார். சில்பி என்ற பெயர் ஓவியர் மாலி வைத்தது. பெயர் பொருத்தமாகவே அமைந்தது. ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்னும் தொடருக்காக அவர் கோயில் கோயிலாகச் சென்று, தூண்களையும் கோட்டங்களையும் செப்புத் திருமேனிகளையும் மூலவரையும் நேரிற் கண்டு வரைந்தார். 1983இல் மறைந்தார். அவர் வரைந்தவை பிற்காலத்தில் நூல் வடிவிலும் வெளிவந்தன. நம் தோட்டப் பள்ளிகளிலும் பழைய விகடன் இதழ்களிலிருந்து கத்தரித்த அப்படங்களைச் சுவரில் ஒட்டிவைத்திருந்த ஆசிரியரை நான் அறிவேன்.

சில்பியின் சித்திரங்களைப் படிக்கும் மாணவன் இரண்டு செய்திகளை நோக்க வேண்டும். முதலாவது, பெரும்பாலான கோயில்களிற் கருவறையுட் புகைப்படம் எடுத்தல் இன்றும் மறுக்கப்பட்டிருக்கின்றது. ஆகவே தலத்துக்குச் செல்ல இயலாத ஒருவர் மூலவரைக் காண்பதற்கு ஓவியனுடைய கை ஒன்றே வழியாயிற்று. புகைப்படக் கருவி ஒரு நொடியிற் பறித்துக்கொள்வதை, கை பல நாழிகை எதிரே அமர்ந்து பெற்றுக்கொள்கின்றது. விளக்கொளியில், அருச்சகரின் இசைவோடு, அடியார் வரிசைக்கு இடையூறின்றி அமர்ந்து நோக்குதல் வழிபாட்டுக்கு மாறானதன்று. வரிசையிற் செல்வோர் பெறும் கணநேரக் காட்சியை அது நீட்டிக்கொள்வதே.

இரண்டாவது செய்தி இன்னும் நுட்பமானது. சில்பி கல்லைக் கல்லாகவும் செம்பைச் செம்பாகவும் வரைந்தார். நுண்ணிய கோடுகளையும் புள்ளிகளையும் அடுக்கி, கருங்கல்லின் சொரசொரப்பு வேறு, உலோகத்தின் வழுவழுப்பு வேறு என்று காட்டினார். மூக்குச் சிதைந்த சிற்பத்துக்குப் புது மூக்கு வைக்கவில்லை. இஃது எளிய காரியமாகத் தோன்றலாம். ஆனால் அக்காலத்துச் சூழலை எண்ணிப் பாருங்கள். 1894இல் ரவிவர்மா தம் அச்சகத்தைத் தொடங்கிய நாள் முதல், தெய்வங்கள் பட்டுடுத்து, சிவந்த கன்னங்களோடு, வீட்டுச் சுவர்களில் எழுந்தருளிவிட்டன. கோவிற்பட்டி கொண்டைய ராஜுவின் நாட்காட்டி முருகன் லயத்து அறைகளிலும் வெற்றிலைக் கடைகளிலும் புன்னகை பூத்துக்கொண்டிருந்தார். அப்படங்களை நான் குறைத்துப் பேசேன். என் தாயார் கும்பிட்டதும் அத்தகைய படமொன்றையே. ஆயினும் தெய்வம் என்றால் இவ்வாறுதான் இருக்கும் என்று மக்கள் கண் பழகிவிட்ட பின்னர், ஒரு கோயிற் கல்லின் உண்மையான முகத்தை எடுத்துவந்து காட்டுவதற்கு ஒருவகைத் துணிவு வேண்டியிருந்தது.

நாட்காட்டி முகம் கல்லை வென்ற கதையை மஸ்கெலியாவிலேயே காணலாம். கவ்வாத்துச்சாமி இருந்த இடத்தில் இப்பொழுது சீமெந்துக் கோயில் ஒன்று உள்ளது. உள்ளே மாரியம்மன், வண்ணம் பூசிய சுதை உருவம். தோட்டத்து மக்கள் தம் சம்பளத்திற் பிடித்தம் செய்து கட்டிய கோயில் அது. அதனைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. நூறாண்டுக்கு மேலாகத் தமக்கென ஒரு துண்டு நிலமின்றி வாழ்ந்த மக்கள், தம் தெய்வத்துக்காவது கூரையும் கோபுரமும் இருத்தல் வேண்டுமென்று விரும்புவது இயல்பு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர்ப் பலர் தலைமன்னாரிற் கப்பலேறிப் போக, எஞ்சியிருந்தோரின் பிள்ளைகள் கட்டியது அது. நான் வருந்துவது கோயில் எழுந்ததற்காக அன்று. அதன் அடியில் இருந்தது எது என்பதை எவரும் எழுதிவைக்காததற்காகவே.

மஸ்கெலியாவிலே இவ்வருத்தம் புதிதன்று. இங்கே ஒரு நகரமே நீரின் கீழ் உள்ளது. 1960களின் பிற்பகுதியில் மஸ்கெலியா ஓயாவை மறித்து மவுசாக்கலை அணை எழுந்தபொழுது பழைய நகரம் மூழ்கிற்று. புதிய நகரம் மேட்டிலே அமைந்தது. அவ்வோயா கெகெல்கமு ஓயாவோடு கூடியே களனி கங்கை ஆகின்றது. கொழும்பிலே பொத்தானை அழுத்த எரியும் விளக்கின் ஒளியில் நம் பழைய கடைத்தெருவின் பங்கும் உண்டு என்று நகரத்து நண்பர்களிடம் சொல்வதுண்டு. கடும் வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் சேற்றினின்று வெளிப்படும். முதியோர் பேரப்பிள்ளைகளைக் கூட்டிச் சென்று, இங்கே இன்ன கடை, அங்கே இன்னார் வீடு என்று விரல் நீட்டுவர். மழை வந்ததும் அவை மறையும். அணை கட்டுவதற்கு முன், அக்கடைத்தெருவில் ஒரு பையன் அரைமணி நேரம் பென்சிலோடு அமர்ந்திருந்தான் என்றால், அவன் வரைந்தது எத்துணை கோணலாயினும் இன்று அதன் மதிப்பு என்ன!

இவ்விடத்தில் மஞ்சுஸ்ரீயை நினைத்தல் தகும். 1902இற் பிறந்து 1982இல் மறைந்த இவர் பௌத்த துறவியாயிருந்து, சாந்திநிகேதனிற் பயின்று, பின்னர் துறவைத் துறந்து ஓவியராக வாழ்ந்தவர். ’43 குழுவினருள் ஒருவர். இலங்கை விகாரைகளின் சுவரோவியங்களைப் பல்லாண்டு காலம் ஊர் ஊராகச் சென்று பார்த்துப் படியெடுத்தார். பின்னாளில் அச்சுவர்களிற் பல இடிந்தன. பல மேற்பூச்சுப் பெற்றன. மூலம் மறைந்தபின் படியே மூலமாயிற்று. 1979இல் அவருக்கு மகசாசே விருது கிடைத்தது. தாமாக ஒன்றையும் படைக்காது பிறர் படைத்ததைப் பார்த்து எழுதும் வேலையை மாணவர் சிலர் அடிமை வேலை என்று எண்ணுகின்றனர். அவர்கள் ஒரு நாளாவது அதனைச் செய்து பார்க்கட்டும்.

கருவியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பென்சிலின் உள்ளே இருப்பதை நாம் காரீயம் என்கின்றோம். பெயரில் ஈயம் இருப்பினும் பொருளில் ஈயம் இல்லை. அது கரியின் ஒரு வடிவமே. 1795இல் பிரான்சிலே கொந்தே என்பவர் காரீயப் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டு, களிமண்ணின் அளவைக் கூட்டியும் குறைத்தும் வன்மையும் மென்மையும் வரச் செய்தார். களிமண் மிகுந்தால் எச் வகை. காரீயம் மிகுந்தால் பீ வகை. இப்பொருள் நமது மண்ணிலேயே கிடைப்பது. கேகாலைப் பகுதியின் போகலையிலும் குருநாகல் பகுதியின் கஹட்டகஹவிலும் பாறைப் பிளவுகளில் நரம்புகளாகப் படிந்துள்ள இலங்கைக் காரீயம் தூய்மைக்கு உலகெங்கும் பெயர்பெற்றது. நம் கலைகளை உலகுக்கு எடுத்துரைத்த ஆனந்த குமாரசுவாமி தொடக்கத்திற் புவிச்சரிதவியலாளராகவே இந்நாட்டில் வேலை பார்த்தவர். 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுத் துறையை நடத்தியவர். தோரியனைற்று என்னும் கனிப்பொருளை 1904இல் இனங்கண்டவர். கல்லைத் தேடி மலைகளில் அலைந்த கால்களே பின்னர்க் கைவினைஞர் குடிசைகளுக்கும் சென்றன. 1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் அந்த நடைப்பயணங்களின் விளைவே.

மஸ்கெலியாவில் வரைய விரும்புவோர் எச் வகைப் பென்சிலைத் தவிர்த்தல் வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தாற் பதத்துப்போன தாளை வன்மையான முனை கிழித்துவிடும். எச்பீயும் 2பீயும் போதும். மூடுபனி ஏறுமுன், காலை எட்டரை மணிக்குள் வேலையை முடித்தல் நலம். அதன்பின் நிழல் இராது. நிழல் இல்லாத இடத்திற் கல் தட்டையாகிவிடும்.

குறிப்பெழுதும் வழக்கத்தை நான் கற்றது எட்வேட் லியர் என்னும் ஆங்கில ஓவியரிடமிருந்து. நேரில் அன்று, அவருடைய சித்திரங்களின் அச்சுப் படிகளிலிருந்து. குழந்தைகளுக்கான வேடிக்கைப் பாட்டுகளாற் புகழ்பெற்ற அவர் 1873 முதல் 1875 வரை இந்தியாவெங்கும் சுற்றி, மாமல்லபுரம், தஞ்சை, திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களிலும் கோயில்களை வரைந்தார். 1874இன் இறுதியில் இலங்கைக்கும் வந்தார். நம் நாடு அவருக்கு உவக்கவில்லை. அவருடைய பென்சிற் சித்திரங்களின் ஓரங்களில் நாளும் நேரமும் நிறங்களின் பெயர்களும் எழுதப்பட்டிருக்கும். இரவிலோ பின்னொரு நாளிலோ அக்குறிப்புகளைக் கொண்டு மையால் கோடுகளை மேலெழுதி நிறம் தீட்டுவார். சித்திரத்தின் மேல் எழுத்து வருவது அழகைக் கெடுக்கும் என்று வகுப்பிலே சொல்லும் ஆசிரியர் உளர். நானும் சில ஆண்டுகள் அவ்வாறு சொல்லியிருக்கின்றேன். அதனை இப்பொழுது திரும்பப் பெற்றுக்கொள்கின்றேன். காரணம் பின்வருவது.

புதிய கோயிலின் வேலை நடந்தபொழுது பழைய கல்லை எடுத்து ஒதுக்குப்புறமாக வைத்திருந்தனர். வேலை முடிந்து குடமுழுக்குக்கு நாள் குறித்தபின், மூத்தோர் சிலர், பழைய சாமியையும் வெளிப்புறத்தில் ஒரு மேடையில் இருத்த வேண்டும் என்றனர். எல்லாரும் இசைந்தனர். ஆனால் கல் எத்திசை நோக்கியிருந்தது என்பதில் வழக்கு எழுந்தது. கிழக்கு என்றனர் ஒரு சாரார். தெற்கு என்றனர் மற்றொரு சாரார். மரம் வெட்டப்பட்டுவிட்டது; நிலம் மட்டமாக்கப்பட்டுவிட்டது; சூலமோ துருப்பிடித்துக் காணாமற் போய்விட்டது. முகமில்லாத கல்லிடம் திசையைக் கேட்க முடியாது. எவரோ ஒருவர் முன்னொருகால் நான் அங்கிருந்து படம் வரைந்ததை நினைவுபடுத்த, கோயிற் குழுவினர் நால்வர் என் வீட்டுக்கு வந்தனர்.

குறிப்பேட்டைத் தேடி எடுத்தோம். பக்கத்திற் குங்குமப் பொட்டு நம்மை நோக்கியிருந்தது. ஆகவே நான் அமர்ந்தது கல்லின் முன்புறத்திலே. நிழல் எனக்கு இடப்புறமாக விழுந்திருந்தது. ஆகவே சூரியன் எனக்கு வலப்புறம். நேரம் காலை 7.10, ஆகவே வலப்புறம் கிழக்கு. வலக்கையிற் கிழக்கு இருக்குமாறு அமர்ந்தவன் வடக்கு நோக்கியிருப்பான். அவனை எதிர்நோக்கிய கல் தெற்கு நோக்கியதாகும். லயத்திலிருந்து மலைக்கு வேலைக்கு ஏறும் குறுக்குப் பாதையும் அத்திசையிலேதான் இருந்தது. வாதம் அத்தோடு தீர்ந்தது. ஓரத்தில் எழுதிய அந்நேரக் குறிப்பு இல்லாதிருந்தால், நிழல் காலையதா மாலையதா என்று தெரியாது. அப்போது அதே படம் கல்லை வடக்கு நோக்க வைத்திருக்கவும் கூடும். இது மாணவர்க்கு நான் எழுத விரும்பிய முழுப் பாடம். இவ்வளவோடு கட்டுரையை முடித்திருந்தால் எனக்கும் பெருமையாக இருந்திருக்கும்.

ஆனால் குழுவினர் சூலத்தையும் பார்த்துக்கொண்டனர். அதன் வடிவை ஒரு தாளில் எழுதிச் சென்று, கொல்லரிடம் கொடுத்துப் புதிது செய்வித்து, கல்லின் அருகே நட்டனர். மூன்று கூரும் ஒத்த, நேரான, அழகிய சூலம். குடமுழுக்கின்போது, அந்த மலையிலே முன்னர்க் கொழுந்தெடுத்த மூதாட்டி ஒருவர் அதனை நெடுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “மாஸ்டர், இது நம்ம சாமி சூலம் இல்லீங்களே. அதுல இடப்பக்கத்துக் கூரு வளைஞ்சுல்ல இருக்கும்? மரக்கொப்பு விழுந்து வளைஞ்சது. அன்னைக்கு அந்தக் கொப்பு புள்ளைங்க மேல விழாம சாமிதான் குறுக்கே நின்னு தாங்குச்சுன்னு எங்கம்மா சொல்லும்” என்றார்.

வீட்டுக்கு வந்து பக்கத்தை மறுபடி எடுத்தேன். நேரே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பழைய சித்திரங்களை ஆராய்வோர் தாளை வெளிச்சத்துக்குக் குறுக்காகச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பதுண்டு. பென்சில் அழுந்திய பள்ளத்தை அழிறப்பர் நீக்காது. கரி போனாலும் தடம் இருக்கும். அவ்வாறு சன்னலோரத்திற் சாய்த்துப் பிடித்தபொழுது, இடப்பக்கக் கூருக்கு வெளியே, வளைந்து கீழ்நோக்கிய ஒரு கோட்டின் தடம் தெரிந்தது. மலையிலிருந்தபொழுது என் கண் வளைவைக் கண்டிருக்கின்றது; கை அதனை எழுதியுமிருக்கின்றது. அன்று மாலை வீட்டிலே மேசைவிளக்கின் கீழ் அமர்ந்து, சூலமென்றால் இவ்வாறு கோணலாக இருத்தல் ஆகாது, நான்தான் பிழையாக வரைந்துவிட்டேன் என்று எண்ணி, அழித்து நேராக்கியிருக்கின்றேன். அக்காரியம் எனக்கு நினைவில்லை. ஆனால் தாளில் உள்ளது.

சில்பி சிதைந்த மூக்குக்குப் புது மூக்கு வையாததைப் புகழ்ந்து நான் வகுப்பிற் பேசியது எத்தனை முறை என்று எண்ணிக்கொண்டேன்.

கோயிற் குழுவினரிடம் சென்று உள்ளதைச் சொன்னேன். மூதாட்டியின் சொல்லையும் சொன்னேன். அவர்கள் தமக்குள் ஆலோசித்து, மந்திரம் சொல்லி நட்டதைப் பிடுங்குதல் தகாது, புதிய சூலம் அவ்வாறே இருக்கட்டும் என்று முடிவு செய்தனர். மூதாட்டியும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. ஒரு மரம் வளரட்டும், ஒரு கொப்பு விழட்டும் என்று சிரித்தாராம்.

பக்கத்திலே மறுபடி கோடு எதுவும் நான் எழுதவில்லை. அழித்த தடத்தின் அருகே ஒரு சிறு அம்புக்குறி இட்டு, கீழ் ஓரத்தில், பழைய குறிப்புக்கு அடுத்த வரியில், இடப்பக்கக் கூர் வளைந்திருந்தது, வீட்டில் நேராக்கப்பட்டது என்று எழுதி, அன்றைய தேதியும் இட்டுவைத்தேன்.